பொலிவியா: குடும்பத்துடன் வானுயர நாட்டுக்கு ஒரு பயணத் திட்டம்

பூமியில் பயணம் செய்து படைப்பின் அத்தாட்சிகளைச் சிந்திக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் மனிதனைத் தூண்டுகிறது. விமானக் கட்டணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்ட இக்காலத்தில், உம்ராவுக்கும் வளைகுடாவுக்கும் மட்டுமே பாஸ்போர்ட்டைப் பயன்படுத்திய நம் குடும்பங்கள் தூர தேசங்களையும் பார்க்க ஆசைப்படுகின்றன. ஹஜ் கடமையாகியும் இன்னும் நிறைவேற்றாதவர்கள் முதலில் அந்தக் கடமையை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதை நினைவூட்டிவிட்டு, தென் அமெரிக்காவின் உயரமான நாடான பொலிவியாவைப் பற்றி இக்கட்டுரையில் பார்ப்போம்.

சுற்றுலாப் பயணத்தைத் திட்டமிடும்போது எந்த இடங்களைப் பார்ப்பது என்றுதான் முதலில் பட்டியல் போடுவோம். பொலிவியாவைப் பொறுத்தவரை அது போதாது. எந்த இடத்தை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசைதான் அங்கு முக்கியம். வரிசை சரியாக இருந்தால் வயதான பெற்றோரும் குழந்தைகளும் மகிழ்ச்சியோடு திரும்பலாம். வரிசை தவறினால் முதல் இரண்டு நாட்கள் படுக்கையிலும், சில நேரம் மருத்துவமனையிலும் கழியும்.

நாடு ஒரு பார்வையில்

பொலிவியா கடலே இல்லாத நாடு. பிரேசில், பெரு, சிலி, அர்ஜென்டினா, பராகுவே ஆகிய ஐந்து நாடுகள் அதைச் சூழ்ந்துள்ளன. ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து 1825 ஆகஸ்ட் 6 அன்று விடுதலை பெற்றது. விடுதலைப் போராட்டத் தலைவர் சிமோன் பொலிவாரின் பெயரே நாட்டின் பெயரானது. அரசியல் சட்டப்படி தலைநகரம் சூக்ரே; அரசாங்கம் இயங்குவதோ லா பாஸ் நகரில். ஸ்பானிஷ் மொழியுடன் கெச்சுவா, ஐமாரா, குவாரனி உள்ளிட்ட 36 பழங்குடி மொழிகளையும் 2009ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் ஆட்சிமொழிகளாக ஏற்றுள்ளது. நாணயம் பொலிவியானோ. நேரம் இந்தியாவை விட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. சென்னையில் இரவு 9.30 என்றால் லா பாஸில் நண்பகல் 12.

நாட்டின் கிழக்குப் பகுதி வெப்பமான சமவெளி. மேற்குப் பகுதி ஆண்டிஸ் மலைத்தொடரின் மேல் அமைந்த பீடபூமி. இந்த இரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாடுதான் நம் திட்டத்தின் அடிப்படை.

உயரத்தைப் புரிந்துகொள்வோம்

நாம் அறிந்த ஊர்களோடு ஒப்பிட்டால் எளிதாக விளங்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இலங்கையின் நுவரெலியா 1,868 மீட்டர். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். பொலிவியாவின் சூக்ரே நகரமே 2,800 மீட்டர்; அதாவது தொட்டபெட்டா உச்சியை விட உயரம். லா பாஸ் நகரின் மையப் பகுதி சுமார் 3,600 மீட்டர். அதன் விமான நிலையம் அமைந்திருக்கும் எல் ஆல்டோ 4,000 மீட்டருக்கும் மேல். உலகிலேயே மிக உயரமான சர்வதேச விமான நிலையம் இதுதான்.

3,600 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உயரே ஏறுபவனின் நெஞ்சு இறுகிப்போவதை அல்குர்ஆன் (6:125) உவமையாகக் கூறுவதை நாம் ஓதியிருக்கிறோம். லா பாஸில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருபது படி ஏறினால் அந்த உவமையை உடலால் உணரலாம்.

உடல் இதற்குப் பழகிக்கொள்ளும் தன்மையுடன்தான் படைக்கப்பட்டுள்ளது. மூச்சு வேகமாகும்; நாளடைவில் இரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும். ஆனால் இதற்கு நாட்கள் தேவை. அவகாசம் தராமல் நேராக உயரத்தில் போய் இறங்குவோருக்கு, சில மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, தூக்கமின்மை ஆகியவை தோன்றும். இதையே உயர நோய் என்கிறார்கள். இளைஞர், முதியவர் என்ற பேதமின்றி யாருக்கும் வரலாம். உடற்பயிற்சி செய்து உடலைக் கட்டாக வைத்திருப்பதும் இதைத் தடுக்காது.

பெரும்பாலும் இது ஓரிரு நாளில் சரியாகிவிடும். அரிதாக நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாக முடியும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பது, விடாத இருமல், நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காலை வரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவ உதவியுடன் தாழ்வான இடத்துக்கு இறங்க வேண்டும். இறங்குவதே முதல் மருந்து.

யாருக்கு இந்தப் பயணம் வேண்டாம்?

புறப்படும் முன் குடும்ப மருத்துவரிடம், நாங்கள் 3,600 மீட்டருக்கு மேல் சில இரவுகள் தங்கப் போகிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஆலோசனை கேளுங்கள். பொதுவாக வெளிநாடு போகிறோம் என்று மட்டும் சொல்வது போதாது. இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் போகக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் போகலாம் என்று மருத்துவர் சொன்னாலும், சில இரத்தச் சர்க்கரைக் கருவிகள் உயரத்திலும் குளிரிலும் தவறான அளவைக் காட்டக்கூடும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரையை மருத்துவர்கள் தருவதுண்டு. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் லே போனபோது சாப்பிட்டார் என்பதற்காக நாமே கடையில் வாங்கிச் சாப்பிடுவது சரியல்ல.

பேசத் தெரியாத குழந்தைகள் தலைவலியைச் சொல்ல மாட்டார்கள். காரணமில்லாமல் அழுவது, பால் குடிக்க மறுப்பது, விளையாடாமல் சுருண்டு கிடப்பது ஆகியவற்றையே அறிகுறியாகக் கொள்ள வேண்டும். வீட்டுப் பெரியவர்களோ, தங்களால் பயணம் தடைபடக் கூடாதென்று வேதனையை மறைப்பார்கள். தினமும் காலையில் "வாப்பா, ராத்திரி தூக்கம் வந்துச்சா? தலை வலிக்குதா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தாழ்வில் தொடங்கி உயரத்தில் முடியும் வரிசை

3,000 மீட்டருக்கு மேல் சென்ற பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது என்பது பயண மருத்துவர்களின் பொது அறிவுரை. பொலிவியாவின் நகரங்கள் அமைந்துள்ள விதத்தில் இதை அப்படியே பின்பற்றுவது கடினம். இயன்ற அளவு படிப்படியாக ஏறுவதற்கும், ஒவ்வொரு படியிலும் கூடுதலாகத் தங்குவதற்கும் ஏற்ற இரண்டு வாரத் திட்டம் இது:

நாள் 1 முதல் 3 வரை: சான்டா குரூஸ், சுமார் 400 மீட்டர். நீண்ட விமானப் பயணத்தின் களைப்பு தீர இங்கு ஓய்வெடுக்கலாம். மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள சமைபாட்டா, சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் இதமான ஊர். அங்குள்ள எல் ஃபுவெர்டே, ஒரு பெரும் பாறையையே செதுக்கி உருவாக்கிய பழங்காலத் தலம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. அங்கு ஓரிரவு தங்கலாம்.

நாள் 4 முதல் 7 வரை: சூக்ரே, 2,800 மீட்டர். சான்டா குரூஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. முதல் நாள் ஓய்வு. வெள்ளைச் சுவர்களும் ஓட்டுக் கூரைகளும் கொண்ட அழகிய நகரம். விடுதலைப் பிரகடனம் கையெழுத்தான சுதந்திர இல்லம் இங்குதான் உள்ளது. நகரை ஒட்டியுள்ள கால் ஓர்க்கோ என்ற செங்குத்தான பாறைச் சுவரில் ஆயிரக்கணக்கான டைனோசர் காலடித் தடங்கள் பதிந்துள்ளன. குழந்தைகள் மறக்கவே மாட்டார்கள்.

நாள் 8 முதல் 10 வரை: உயூனி, சுமார் 3,650 மீட்டர். சூக்ரேயிலிருந்து சாலை வழியே பொடோசியைக் கடந்து செல்ல ஏறத்தாழ ஒரு முழுப் பகல் ஆகும். பொடோசி 4,000 மீட்டரில் இருப்பதால் அங்கு இரவு தங்காமல், இறங்கிப் பார்த்துவிட்டுப் புறப்படுவது குடும்பங்களுக்கு நல்லது. உயூனியில் முதல் நாள் ஓய்வு. மறுநாள் உப்புப் பாலைவனம்.

நாள் 11 முதல் 13 வரை: உயூனியிலிருந்து விமானத்தில் லா பாஸ். பெற்றோர் உடன் வந்தால் நகரின் தெற்குப் பகுதியில் அறை எடுங்கள். அது மையப் பகுதியை விடச் சில நூறு மீட்டர் தாழ்வானது. தூக்கம் நன்றாக வரும். உடல் நன்கு பழகியிருந்தால், இந்த நாட்களுக்குள் 3,812 மீட்டரில் உள்ள டிட்டிகாக்கா ஏரிக்குச் சென்று ஓரிரவு தங்கலாம்.

நாள் 14: விமானத்தில் சான்டா குரூஸுக்கு இறங்கி, அங்கிருந்து நாடு திரும்பல்.

லா பாஸில் நேராக இறங்கினால் கட்டணம் குறையும் என்று பயண முகவர் சொன்னாலும், குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பங்கள் அதை ஏற்க வேண்டாம் என்பதே நமது ஆலோசனை. கடல் மட்டத்தில் இருந்த உடல் ஒரே நாளில் 4,000 மீட்டரில் போய் இறங்கும் பாதை அது.

உயரமான ஊர்களில் முதல் நாள் மெதுவாக நடப்பது, சிறிது சிறிதாக உண்பது, போதிய அளவு தண்ணீர் குடிப்பது ஆகிய மூன்றும் போதும். உடல் பழகும் வரை நஃபில் நோன்புகளைத் தள்ளிவைக்கலாம்.

பார்க்க வேண்டிய இடங்கள்

உயூனி உப்புப் பாலைவனம் பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது, உலகிலேயே பெரியது. பழங்கால ஏரிகள் வற்றி, உப்பு மட்டும் எஞ்சிய நிலம் அது. மே முதல் அக்டோபர் வரை வறண்ட வெண்தரையாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை மழைநீர் மெல்லிய படலமாகத் தேங்கி, வானம் முழுவதையும் தரையில் காட்டும். நடுவே இன்காவாசி என்ற மேட்டில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் கள்ளிகள் உள்ளன.

பொடோசியில் 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. செர்ரோ ரிக்கோ என்ற அந்த ஒற்றை மலையின் வெள்ளி ஸ்பெயின் பேரரசைச் செழிக்க வைத்தது. அதை வெட்டியெடுக்கக் கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்ட பழங்குடி மக்கள் ஏராளமானோர் மாண்டனர். இன்றும் அங்கு தொழிலாளர்கள் சுரங்கத்தில் உழைக்கிறார்கள். சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்லும் சுற்றுலாக்கள் உண்டு. தூசியும் நச்சுக் காற்றும் இடிபாடும் உள்ள இடம் என்பதால் குழந்தைகளோடு உள்ளே போக வேண்டாம். பழைய நாணயச் சாலை அருங்காட்சியகத்தில் அந்த வரலாற்றைப் பாதுகாப்பாக அறிந்துகொள்ளலாம்.

லா பாஸில் 2014 முதல் இயங்கும் கம்பிவட ஊர்திகள் நகரப் பேருந்துபோல் மக்களைச் சுமந்து செல்கின்றன. குறைந்த கட்டணத்தில் நகரம் முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம். அருகிலுள்ள திவானாக்கு, இன்காக்களுக்கும் முந்தைய நாகரிகத்தின் சிதைவுகள் நிறைந்த இடம். பலம் மிக்க சமுதாயங்கள் வாழ்ந்து மறைந்த தடங்களைப் பார்த்துப் படிப்பினை பெற இதைவிடப் பொருத்தமான இடம் அந்நாட்டில் இல்லை.

உயூனிக்குத் தெற்கே உள்ள வண்ண ஏரிகளுக்கும் வெந்நீர் ஊற்றுகளுக்கும் மூன்று நாள் ஜீப் சுற்றுலா பிரபலம். அதில் 4,000 மீட்டருக்கு மேல், மருத்துவமனைக்கு வெகு தொலைவில் தங்க நேரிடும். முதியவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பங்கள் இதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

தொழுகை

தமிழகத்தில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு அங்கு கிப்லா கிழக்குப் பக்கம். லா பாஸிலிருந்து வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 73 பாகை; அதாவது கிழக்கிலிருந்து சற்று வடக்காகத் திரும்ப வேண்டும். இணையம் கிடைக்காத இடங்களுக்கென நேர அட்டவணையையும் திசைகாட்டியையும் முன்பே கைப்பேசியில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

பயணிக்குரிய கஸ்ர் சலுகை நமக்கு உண்டு. ஓர் ஊரில் எத்தனை நாள் தங்க நாடினால் சலுகை நீங்கும் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்கள். ஜம்உ செய்து தொழுவதிலும் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பயண அட்டவணையை எடுத்துக்கொண்டு உங்கள் மஹல்லா ஆலிமிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஜூன், ஜூலை மாதங்களில் உயூனியின் இரவுக் குளிர் உறைநிலைக்கும் வெகு கீழே போகும். முறைப்படி அணிந்த தோலுறைகள் மீது பயணி மூன்று பகலும் மூன்று இரவும் மஸ்ஹு செய்யலாம் என்ற சலுகையின் அருமை அப்போது புரியும். உப்புப் பாலைவனத்தில் உளூவுக்கான தண்ணீரை வண்டியிலேயே எடுத்துச் செல்லுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் தயம்முமுக்குத் தூசியுள்ள மண் வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அங்கு இருப்பது உப்புதான், மண் அல்ல.

உயர நோயால் தலை சுற்றினால் குனிந்து ஸுஜூது செய்வது வேதனையைக் கூட்டும். நோயாளி உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதித்துள்ளது. வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பொலிவியாவில் முஸ்லிம்கள் மிகச் சிறுபான்மையினர். அரபு நாடுகளிலிருந்து குடியேறியவர்களும் இஸ்லாத்தை ஏற்ற உள்நாட்டவரும் உள்ளனர். சான்டா குரூஸிலும் லா பாஸிலும் பள்ளிவாசல்கள் உள்ளன. ஜும்ஆ நாளில் இவ்விரு நகரங்களில் ஒன்றில் இருக்குமாறு திட்டமிட்டால் அந்தச் சகோதரர்களைச் சந்திக்கும் வாய்ப்பும் கிடைக்கும். ஹலால் உணவு பற்றியும் அவர்களிடமே கேட்கலாம்.

உணவு

ஹலால் உணவகங்களை எதிர்பார்த்துப் போக முடியாது. பன்றி இறைச்சி பரவலாக உண்டு. பன்றிக் கொழுப்பை ரொட்டியிலும் பொரிப்பதிலும் சேர்ப்பதும் வழக்கம். காலையில் எங்கும் விற்கும் சல்தேன்யா என்ற பண்டம் நம்மூர் பஃப்ஸ் போலத் தோன்றும். உள்ளே இறைச்சி, குழம்பு கெட்டியாக இருக்க ஜெலட்டின் சேர்ப்பார்கள், மேல்மாவில் பன்றிக் கொழுப்பும் இருக்கலாம். காய்கறி சூப் என்று தருவதும் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததாகவே இருக்கும்.

அல்லாஹ்வின் அருளால் சாப்பிடக் கூடியவையும் நிறையவே உள்ளன. டிட்டிகாக்கா ஏரிப் பகுதியில் ட்ரவுட் மீன் எங்கும் கிடைக்கும். ஆண்டிஸ் மலைதான் உருளைக்கிழங்கின் தாயகம். நாம் பார்த்திராத நிறங்களில் எல்லாம் கிழங்குகள் சந்தையில் குவிந்திருக்கும். கினோவா, சோளம், முட்டை, பழங்கள் தாராளம். ஊதாச் சோளத்தில் காய்ச்சும் ஆப்பி என்ற சூடான பானமும், உலர்ந்த பீச் பழத்தில் செய்யும் மோகோசின்சியும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். சிச்சா என்ற பானம் புளித்த சோள மது. அதைத் தவிர்க்க வேண்டும்.

சில ஸ்பானிஷ் சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "சின் கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம். "சின் செர்தோ" பன்றி வேண்டாம். "சின் மன்தேகா" கொழுப்பு வேண்டாம். "சின் அல்கோல்" மது வேண்டாம்.

நாமே சமைத்துக்கொள்வோம் என்று அரிசியும் சிறு மின் குக்கரும் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. லா பாஸ் உயரத்தில் தண்ணீர் 88 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு சரியாக வேகாது. பருப்பு வேகவே வேகாது. அழுத்தக் குக்கர்தான் கைகொடுக்கும்.

கோக்கா இலை: எச்சரிக்கை

விடுதியில் நுழைந்ததுமே உயர நோய்க்கு நல்லது என்று கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். பொலிவியாவில் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அம்மக்களின் பண்பாட்டில் ஊறிய ஒன்று. ஆனால் கோகெயின் என்ற போதைப்பொருள் பிரித்தெடுக்கப்படுவது இந்த இலையிலிருந்துதான். தேநீர் குடித்த பின் போதைப்பொருள் பரிசோதனை செய்தால் உடலில் இருப்பதாகக் காட்டக்கூடும். வளைகுடாவில் வேலை செய்பவர்களுக்கு இதன் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. சந்தேகமானதை விட்டு விலகுவது பேணுதல். சீமைச் சாமந்தி, சோம்புத் தேநீர் ஆகியவை எல்லா இடத்திலும் கிடைக்கும்.

எக்காரணம் கொண்டும் கோக்கா இலையையோ, தேநீர்ப் பையையோ, மிட்டாயையோ பெட்டியில் வைத்துத் திரும்பாதீர்கள். இந்தியாவிலும் வளைகுடா விமான நிலையங்களிலும் அது போதைப்பொருள் வழக்காகவே பார்க்கப்படும். யாராவது அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்கி வைக்காதீர்கள்.

சடங்குகள்

பூமித்தாய்க்குக் காணிக்கை என்று மதுவைத் தரையில் ஊற்றும் வழக்கம் மலைப்பகுதிகளில் உண்டு. சில வழிகாட்டிகள் பயணிகளையும் அதில் பங்கேற்க அழைப்பார்கள். சுரங்கங்களில் சிலைக்குப் படையல் வைப்பார்கள். அவர்களின் நம்பிக்கையைக் கேலி செய்யாமல், "எங்கள் மார்க்கத்தில் இதற்கு இடமில்லை" என்று கனிவாகச் சொல்லி ஒதுங்கி நிற்கலாம். இதைப் பிள்ளைகளிடம் முன்பே பேசிவைத்தால் அங்கு தடுமாற மாட்டார்கள்.

ஆவணங்களும் ஏற்பாடுகளும்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: பொலிவியாவிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் இந்தச் சான்றிதழ் கேட்கப்படும். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தப்பட நேரிடும். இலங்கையிலும் இந்த விதி உண்டு. ஊசி போட்டு பத்து நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒன்பது மாதத்துக்கும் குறைந்த குழந்தைகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோர் விஷயத்தில் மருத்துவரின் முடிவே இறுதியானது.

விசா: புது தில்லியில் உள்ள பொலிவியத் தூதரகத்தில் நடப்பு விதிகளைக் கேட்டறியுங்கள். நேரடி விமானம் இல்லை. வளைகுடா வழியாக பிரேசிலின் சாவ் பாலோ, அல்லது ஸ்பெயினின் மாட்ரிட் சென்று மாற வேண்டும். இடைநிற்கும் நாட்டுக்கு விசா தேவையா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள்.

காலம்: நம் கோடை விடுமுறையில் மே மாதமும், காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் இறுதியும் அங்கு வறண்ட, தெளிவான பருவம். மழைக்காலத்தில் மலைச் சாலைகளில் மண்சரிவு ஏற்படும்.

சாலை மறியல்: பொலிவியாவில் போராட்டம் என்றால் நெடுஞ்சாலையை மறிப்பதே வழக்கம். சில மறியல்கள் நாட்கணக்கில் நீளும். எனவே இரண்டு வாரத் திட்டத்துடன் இரண்டு நாட்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் நீண்ட சாலைப் பயணம் வைக்காதீர்கள்.

காப்பீடு: உயர நோய்க்கான சிகிச்சையும், அவசரமாக விமானத்தில் கொண்டுசெல்லும் செலவும் அடங்கியுள்ளதா என்று படித்துப் பார்த்து எடுங்கள். கிழியாத அமெரிக்க டாலர் தாள்களைக் கையில் வைத்திருப்பது உதவும்.

மேட்டில் ஏறும்போது தக்பீரும் தாழ்வில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது நபித்தோழர்கள் கடைப்பிடித்த பயண ஒழுங்கு. நாடு முழுவதுமே ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும் பொலிவியாவில் இந்த சுன்னத்தை உயிர்ப்பிக்க நாள்தோறும் வாய்ப்பு கிடைக்கும். அவசரமின்றி ஏறுங்கள். உடன் வருபவர்களில் பலவீனமானவரின் வேகமே குடும்பம் முழுவதற்குமான வேகமாக இருக்கட்டும். போய்ச் சேரும் பயணத்தையும் நலமோடு வீடு திரும்பும் பயணத்தையும் அல்லாஹ் எளிதாக்கித் தருவானாக. ஆமீன்.